பத்துப் பவுண்டுக்குக் கைமாறிய குருமனை: ஆல்ஃபிரிஸ்டன் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் கிராமக் கிறிஸ்தவ ஆலயங்களை ஒட்டி நிற்கும் பழைய குருமனைகள், அதாவது குருமார் குடியிருந்த வீடுகள், பெரும்பாலும் சத்தமில்லாமல் அழிந்தவை. ஆலயத்தை இடிக்க ஊர் விடாது. பக்கத்தில் ஒடுங்கி நிற்கும் மர வீட்டை இடித்தால் கேட்பாரில்லை. அப்படி இடிபட இருந்த ஒரு வீடு எப்படித் தப்பியது, அதில் எடுத்த முடிவுகள் எவை, இன்று அதே வேலை வந்தால் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதை இங்கே பதிவு செய்கிறோம். பொது வரலாற்றில் இடம்பெற்ற சிலரைத் தவிர மற்றவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

இடமும் வீடும்

கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆற்றின் கரையில் இருக்கிறது ஆல்ஃபிரிஸ்டன். ஊரின் புல்வெளித் திடலில், சிலுவை வடிவில், சிக்கிமுக்கிக் கல்லால் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூ ஆலயம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றுப் புல்வெளியைப் பார்த்தபடி ஓக் மரச்சட்டமும் வேய்ந்த கூரையும் கொண்ட தாழ்ந்த வீடு ஒன்று நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்தது.

இந்த வீட்டின் வகைக்கு வீல்டன் கூடவீடு என்று பெயர். கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் இவை அதிகம். நடுவில் கூடம். அதற்கு மேல்தளம் கிடையாது. தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்த வெளி. கூடத்தின் இரு பக்கமும் இரண்டு அடுக்கு அறைகள். அந்த அறைகளின் மேல்தளம் கீழ்த்தளத்தைவிட ஓரடி, ஒன்றரை அடி முன்னால் நீட்டியிருக்கும். கூடத்துக்கு மேல்தளம் இல்லாததால் அங்கே நீட்டல் இல்லை. ஆனால் கூரை ஒன்றுதான், நேராக ஒரே இறவாரம். ஆகவே முன்னிருந்து பார்த்தால் கூடத்தின் சுவர் உள்ளே ஒதுங்கியிருக்கும். அதன் முன்னே தொங்கும் இறவாரத்தை இருபுறமிருந்தும் வளைந்த தாங்குமரங்கள் ஏந்தியிருக்கும். வாசலில் நின்று இந்த ஒதுக்கத்தையும் வளைமரங்களையும் கண்டாலே வகை தெரிந்துவிடும்.

உள்ளமைப்பிலும் ஒழுங்கு உண்டு. கூடத்தின் ஒரு முனை மேல்முனை. வீட்டுத் தலைவர் அமரும் இடம் அது. அதற்குப் பின்னால் உள்ளறை, அதன் மேலே படுக்கை அறை. எதிர்முனை கீழ்முனை. அங்கே எதிரெதிராக இரண்டு வாசல்கள், அவற்றை இணைக்கும் நடை, அதற்கப்பால் ரொட்டியும் பானமும் வைக்கும் இரண்டு சிறிய அறைகள். அடுப்பு கூடத்தின் நடுவே, தரையிலேயே எரிந்தது. புகைபோக்கி கிடையாது. புகை மேலே எழுந்து கூரைச் சந்துகள் வழியாக வெளியேறும். சன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. செங்குத்துச் சட்டங்களும் மரக்கதவும் மட்டும்.

கூரையைத் தாங்கும் முறை குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. இரு சுவர்களையும் கட்டிப்பிடிக்கும் குறுக்கு உத்திரத்தின் நடுவில் ஒரு குட்டைத் தூண். அதன் தலையில் நீளவாக்கில் ஓடும் ஒரு வளை. அந்த வளையின் மேல் ஒவ்வொரு சோடிக் கைமரத்தையும் இணைக்கும் குறுக்குக் கட்டை. முகட்டில் நீள்வளை கிடையாது. குட்டைத் தூணிலிருந்து நான்கு பக்கமும் கிளைபோல் தாங்குமரங்கள் பிரியும். ஆல்ஃபிரிஸ்டன் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இந்த அமைப்பைத் தெளிவாகக் காணலாம்.

குருமனை எப்படி அனாதையானது

"குருமனை" என்று பெயர் இருந்தாலும், இந்த அமைப்பு குருமாருக்கென்று தனியாக உருவானதல்ல. வசதியான உழவர் கட்டிக்கொண்ட வீடுகளும் இதே வடிவில்தான் இருந்தன. ஆலயத்தை ஒட்டியிருப்பதையும் பெயரையும் மட்டும் வைத்து இதைக் குருவுக்காகவே கட்டினார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எழுத்துச் சான்று உள்ள வீடுகள் வேறு வகை. சாமர்செட்டில் மச்செல்னி ஆலயத்துக்கு எதிரே இருக்கும் குருவின் வீடு அப்படிப்பட்டது. பங்கை, அதாவது ஆலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதியை, கவனிக்கும் குருவுக்காக 1308இல் அங்கிருந்த மடம் ஏற்படுத்தியது அது.

16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் குருமார் மணம் செய்யாதவர்கள். ஒரு குரு, ஒரு உதவியாள், ஒருவேளை ஒரு பணியாள். விளைச்சலில் பத்தில் ஒன்றாக ஆலயத்துக்குக் கொடுத்த தசமபாகத்தில், பல ஊர்களில் பெரிய தசமபாகம் மடத்துக்குப் போனது. உள்ளூர்ப் பணியைச் செய்த விகாருக்குச் சிறிய தசமபாகம்தான். அந்த வருமானத்துக்கும் அந்தக் குடும்ப அளவுக்கும் கூடவீடு போதுமானது.

1549இல் குருமார் மணம் செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. குடும்பம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், புத்தகங்கள் வந்தன. 18ஆம் நூற்றாண்டுக்குள் குருவின் சமூக நிலையும் உயர்ந்துவிட்டது. 1704இல் தொடங்கிய ஆன் அரசியின் நிதி ஏழைப் பங்குகளுக்கு உதவியது. 1776இல் வந்த சட்டம் குருமனை கட்டக் கடன் வாங்க வழி செய்தது. அதன்பின் ஊருக்கு ஊர் செங்கல்லில் உயர்ந்த சன்னல்களோடு புதிய குருமனைகள் எழுந்தன. பழைய மர வீடு குருவுக்குப் பொருத்தமற்றது என்று ஒதுக்கப்பட்டு, இரண்டாகவோ மூன்றாகவோ தடுக்கப்பட்டு, கூலித் தொழிலாளர்களுக்கு வாடகைக்குப் போனது. வாடகை அற்பம். அந்த வாடகையில் கூரை வேய முடியாது.

ஆல்ஃபிரிஸ்டன் வீட்டுக்கும் இதே கதிதான். குடியிருப்பவர் ஏழை, உரிமை 1836இல் ஏற்பட்ட திருச்சபை ஆணையத்திடம், பொறுப்பு யாரிடமும் இல்லை. கட்டடங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான்.

1880கள்: அப்போது கண்டது

வேய்ந்த கூரை தளர்ந்து சரிந்திருந்தது, சுவர்ப்பூச்சு உதிர்ந்திருந்தது, வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1880களின் நடுவில் இடிப்பதற்கு ஆணையம் ஒப்புதல் அளித்தது. ஆனால் உள்ளே ஒரு மூதாட்டி குடியிருந்தார். தன் இறுதி நாள் வரை அங்கேயே இருக்க விடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதாகவும், அதனால் இடிப்பு தள்ளிப்போனதாகவும் மரபுச் செய்தி சொல்கிறது.

அந்த இடைவெளிதான் வீட்டைக் காப்பாற்றியது. சில ஆண்டுகள் கிடைத்தன. அதற்குள் அவ்வூர்க் குரு இந்த வீட்டின் மதிப்பை உணர்ந்து வெளியே உதவி கேட்கத் தொடங்கினார்.

இத்தகைய வீட்டை முதன்முறை பார்ப்பவர் ஏமாறும் இடங்கள் சில உண்டு. பூச்சு உதிர்ந்ததும் சுவர் முழுவதும் போய்விட்டதுபோல் தோன்றும். உண்மையில் மரச்சட்டம்தான் வீடு. சுவர் வெறும் நிரப்பு. பாரம் எதையும் அது தாங்குவதில்லை. மண்ணும் வரிச்சும் விழுந்துவிட்டாலும் தூண், உத்திரம், வளை மூன்றும் நன்றாக இருந்தால் வீடு பிழைத்துக்கொள்ளும். மாறாக, வெளியே அழகாகப் பூசி உள்ளே அடிச்சட்டம் உளுத்திருந்தால் நிலைமை மோசம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தரையோடு ஓடும் அடிச்சட்டத்தையும் தூண்களின் கால்களையும். மழுங்கிய முனையுள்ள ஊசியால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல ஓக் என்றால் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. விரல் நீளம் இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது.

அடுத்து கூரைக்குள் ஏற வேண்டும். கூடத்துக்கு மேல் உள்ள கைமரங்களில் கரி படிந்திருந்தால், அங்கே திறந்த அடுப்பு எரிந்த காலத்தின் மரங்கள் இன்னும் நிற்கின்றன என்று பொருள். கரி திடீரென்று நிற்கும் இடத்தில் பழைய தடுப்பு இருந்திருக்கும். கரி இல்லாத கைமரம் பின்னால் மாற்றியது. இந்தக் கரியைத் துடைத்துச் சுத்தம் செய்பவர் வீட்டின் வயதையே துடைத்துவிடுகிறார்.

யார் வாங்குவது

வேலை தெரிந்தவர்கள் அப்போது இருந்தார்கள். வில்லியம் மாரிசும் பிலிப் வெப்பும் மற்றவர்களும் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் கொள்கை தெளிவானது: பழங்கட்டடத்தை ஏதோ ஒரு கற்பனைக் காலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகாதே, இருப்பதைத் தொடர்ந்து பராமரித்துக் கேட்டைத் தள்ளிப்போடு. ஆல்ஃபிரிஸ்டன் குரு நாடியவர்களில் இந்தச் சங்கமும் ஒன்று. சங்கத்தால் ஆலோசனை சொல்ல முடிந்தது. வீட்டை வாங்கி வைத்துக்கொள்வது அதன் வேலை அல்ல.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1882இல் வந்த தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்களுக்கும் மேடுகளுக்கும்தான். குடியிருக்கும் வீட்டுக்கு அதில் இடமில்லை. ஆக, காப்பாற்ற ஒரே வழி சொந்தமாக்கிக்கொள்வது. சொந்தமாக்கிக்கொள்ளத் தகுந்த அமைப்பு ஒன்று தேவைப்பட்டது.

அந்த அமைப்பு 1895 ஜனவரியில் உருவானது. ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி மூவரும் சேர்ந்து தொடங்கிய நேஷனல் டிரஸ்ட். முதலில் கிடைத்தது வேல்ஸில் பார்மத் ஊருக்கு மேலே, டினாஸ் ஒலெய் என்ற மலைச்சரிவு, நிலம் மட்டும். கட்டடம் என்று முதலில் வாங்கியது ஆல்ஃபிரிஸ்டன் குருமனையை. 1896இல், திருச்சபை ஆணையத்திடமிருந்து, 10 பவுண்டுக்கு.

இந்த 10 பவுண்டைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். நமக்கு அதில் முக்கியமானது வேறு. விலை ஒருபோதும் தடையாக இருக்கவில்லை. பழுதுபார்ப்புக்கு அதைப்போல் பலமடங்கு, நூற்றுக்கணக்கில் பவுண்டு தேவைப்பட்டது; அதற்குப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டியிருந்தது. வீட்டை விற்பவருக்கு அது சுமை. வாங்குபவருக்கும் அது சுமைதான். சுமையைத் தெரிந்தே தோளில் ஏற்றிக்கொள்ளும் ஒருவர் இல்லாததுதான் அதுவரை இருந்த தடை.

ஆக்டேவியா ஹில்லின் பின்னணி இந்த முடிவோடு பொருந்துகிறது. லண்டனின் மேரில்போன் பகுதியில், 1865 முதல், ஏழைகள் குடியிருந்த பாழடைந்த வீடுகளை நிர்வகித்துச் சீர்செய்தவர் அவர். உடைந்த கைப்பிடியை முதலில் மாற்று, ஒழுகும் கூரையை அடை, மற்றதை வாடகை வரவர செய் என்பது அவர் பழகிய முறை. அரண்மனையோ கோட்டையோ வாங்காமல், சரிந்துபோன ஒரு சின்ன வீட்டை முதல் கட்டடமாகத் தேர்ந்ததில் இந்தப் பழக்கம் தெரிகிறது.

எடுத்த முக்கிய முடிவு: மீட்டெடுப்பதல்ல, பழுதுபார்ப்பது

வேலையை வழிநடத்தியவர் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பவல். பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வழியைப் பின்பற்றியவர். பிற்காலத்தில் வெஜ்வுட் நிறுவனத்தின் பீங்கானில் சித்திர வேலை செய்தவரும் இவரே.

அந்தக் காலத்து வழக்கப்படி இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 14ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்திருக்கும் என்று யூகித்து, பிற்காலத்தில் சேர்ந்ததையெல்லாம் நீக்கி, இல்லாததைப் புதிதாகச் செய்து வைப்பது. ஆலயங்கள் பலவற்றில் அப்படிச் செய்து பழைய கல்வேலை அழிந்துபோனதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருந்தது. மற்றொன்று, வீடு கடந்து வந்த காலங்களை அப்படியே ஏற்றுக்கொண்டு, கெட்டதை மட்டும் சரிசெய்வது. ஆல்ஃபிரிஸ்டனில் இரண்டாவது வழி. இன்று அங்கே போனால் திறந்த கூடமும் இருக்கிறது, பிற்காலத்துச் செங்கல் புகைபோக்கியும் கூரைக்கு மேல் நிற்கிறது. இரண்டும் வீட்டின் வரலாறு.

இந்த முடிவு சரி என்றே நாங்கள் கருதுகிறோம். காரணம் அழகுணர்ச்சி மட்டுமல்ல. யூகத்தால் செய்த வேலையைப் பின்னால் திருத்த முடியாது; எடுத்துவிட்ட மரம் திரும்ப வராது. பழுதுபார்ப்பில் தவறு நேர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம்.

வேலையின் நுணுக்கம்

இவ்வகை வீட்டில் பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறோம். இது இவ்வகை வீடுகளுக்குப் பொதுவான நடைமுறை.

தண்ணீர்தான் முதல் கேள்வி. வேய்ந்த கூரைக்குத் தண்ணீர்க்குழாய் பொருத்துவதில்லை. மழை இறவாரத்திலிருந்து நேராகத் தரையில் விழும். அதனால் இறவாரம் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது வெளியே தள்ளியிருக்க வேண்டும். விழும் இடத்தில் தரை வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். நூற்றாண்டுகளாகப் பூச்செடிக்காகவும் பாதைக்காகவும் மண் கொட்டிக் கொட்டி, வெளித்தரை அடிச்சட்டத்தைவிட உயர்ந்துவிடுகிறது. தெறிக்கும் தண்ணீர் நாள்தோறும் ஓக்கை நனைக்கிறது. மரத்தை மாற்றிவிட்டு இந்த மண்ணை அகற்றாமல் விட்டால் புது மரமும் அதே வழியில் போகும். ஆகவே அடிச்சட்டத்துக்குக் கீழே உள்ள கல்வரிசை வெளியே தெரியும்வரை மண்ணை இறக்குவது முதல் வேலை.

அடுத்து தூணின் கால். கீழ் இரண்டடி உளுத்திருந்தால் முழுத் தூணை மாற்றக் கூடாது. மேலே உள்ள இணைப்புகளெல்லாம் அசலானவை. சட்டத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தி, நல்ல மரம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டி, புது ஓக் துண்டை ஒட்டுவெட்டு முறையில் சேர்க்க வேண்டும். ஒட்டின் நீளம் தூணின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். இணைப்பைப் பிடிப்பது மர ஆணி. ஆணிக்கான துளைகளை இரு துண்டுகளிலும் நேர்கோட்டில் போடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். கூர்மையாகச் சீவிய ஆணியை அடித்து இறக்கும்போது அது சற்றே வளைந்து இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று இழுத்து இறுக்கும். ஆணி நன்றாக உலர்ந்த, பிளந்தெடுத்த ஓக்காக இருக்க வேண்டும். வாளால் அறுத்ததில் நரம்பு குறுக்கே வெட்டுப்பட்டு உடையும். புதுத் துண்டு பச்சை மரமாக இருந்தால் காயும்போது ஆணியைச் சுற்றி இறுகிக்கொள்ளும். இரும்பு ஆணி வேண்டாம். ஓக்கில் உள்ள டானின் இரும்பை அரித்து மரத்தைக் கறுப்பாக்கும்.

புது மரத்தைப் பழையதுபோல் சாயம் பூசி மறைக்கக் கூடாது. வெளிறிய நிறம் தெரிந்தால்தான் எது பழையது, எது எங்கள் வேலை என்று பின்வருபவருக்குத் தெரியும். ஒரு தலைமுறையில் ஓக் தானே சாம்பல் நிறமாகிவிடும்.

சுவர் நிரப்பு: சட்டத்தின் மேல்மரத்தில் துளைகள், கீழ்மரத்தில் நீளப் பள்ளம். ஓக் பிளாச்சுகளை மேல் துளையில் நுழைத்து, கீழே பள்ளத்தில் வளைத்துத் தள்ளி நிறுத்துவார்கள். அவற்றினூடே ஹேசல் கொம்புகளை வரிச்சாகப் பின்னுவார்கள். களிமண்ணோடு வெட்டிய வைக்கோலும் மாட்டுச் சாணமும் சேர்த்துக் காலால் மிதித்துப் பிசைந்து, இருவர் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் அறைந்து ஒட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் அறைந்தால் வரிச்சு வளைந்து மண் மறுபக்கம் பிதுங்கிக் கீழே விழும். காய்ந்ததும் ஓரங்களில் வெடிப்பு வரும். அது குறை அல்ல. ஈரப்படுத்தி மீண்டும் அடைத்தால் போதும். அதன்மேல் மயிர் கலந்த சுண்ணாம்புக் காரை, அதன்மேல் பால்போல் நீர்த்த சுண்ணாம்பு நான்கைந்து பூச்சு. ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த ஒரு பூச்சு பொடிப்பொடியாக உதிரும். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு வேலை கூடாது.

பாழாவது பெரும்பாலும் சிமென்டால்தான். மரம் ஈரத்தில் விரிந்து உலரும்போது சுருங்கும், சிமென்ட் அசையாது. மரத்துக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை வெடிப்பு விழும். மழை அதில் இறங்கும். சுண்ணாம்பாக இருந்தால் அந்த ஈரம் மேற்பரப்பின் வழியாக வெளியேறிவிடும். சிமென்டுக்குப் பின்னால் ஈரம் சிக்கிக்கொள்ளும். ஈரமான பழைய ஓக்தான் துளைவண்டுக்குப் பிடித்த உணவு. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று சுவர். பத்து இருபது ஆண்டில் உள்ளே தூண் பஞ்சாகியிருக்கும். மருந்து தெளிப்பதற்கு முன் ஈரத்தை நிறுத்துங்கள். ஈரம் போனால் வண்டும் பெரும்பாலும் போய்விடும்.

கூரையின் சரிவு 50 பாகை அளவில் இருந்தால்தான் வேய்ந்த கூரை தண்ணீரை வடிக்கும். முகட்டுப் பகுதிதான் முதலில் கெடும். 10 முதல் 15 ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பழைய வேய்ச்சலில் அடி அடுக்கு நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டு மேலே வேய வேண்டும். முழுவதையும் உரித்தெடுத்தால் கரி படிந்த அடி அடுக்கும் போய்விடும். ஓடு போட்டால் செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓட்டின் பாரம் வைக்கோலைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்தக் கைமரங்கள் அதற்காக அளவெடுத்தவை அல்ல.

ஆல்ஃபிரிஸ்டன் கூடத்தின் தரை தனியாகச் சொல்லத் தக்கது. அந்தப் பகுதி மலைகளெல்லாம் வெண்சுண்ணக் கல். அந்தக் கல்லை நொறுக்கி, ஈரமாக்கி, அடுக்கடுக்காகக் கெட்டித்து, மேலே புளித்த பால் ஊற்றி இறுக்கிய தரை அது. நம் ஊரில் சாணம் மெழுகுவது போன்ற வேலைதான், பொருள் மட்டும் வேறு. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் காயும்போது பசையாகிச் சுண்ணப் பொடியைப் பிணைத்துப்பிடிக்கும். காய்ந்த தரை கெட்டியாக, இளமஞ்சள் கலந்த வெண்மையில் இருக்கும். மிதித்து மிதித்துப் பளபளப்பேறும். தேய்ந்த இடத்தில் ஓரத்தை நனைத்து, அதே பொடியும் அதே பாலும் குழைத்து நிரப்பலாம். அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தால் நிலத்தின் ஈரம் சுவரோரமாக நகர்ந்து அடிச்சட்டத்தைத் தாக்கும். தரை மூச்சு விடுவதால்தான் மரம் பிழைக்கிறது.

பின்னர் நடந்தது

வீடு நின்றது. இன்றும் நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில், பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. கூடத்தின் உத்திரத்தில் ஓக் இலை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. டிரஸ்டின் ஓக் இலைச் சின்னத்துக்கு அதுவே தூண்டுதல் என்று சொல்வார்கள்.

இந்த முதல் அனுபவத்திலிருந்து பின்னால் வந்த முடிவுகள் பெரியவை. 1907இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், டிரஸ்ட் தன் சொத்துகளை விற்க முடியாதவை என்று அறிவிக்க அதிகாரம் கொடுத்தது. 10 பவுண்டுக்கு வாங்கியதை நாளை வேறொரு நிர்வாகம் விற்றுவிடலாம் என்ற அச்சம் அதோடு நீங்கியது. 1911இல் மச்செல்னி குருவின் வீடும் டிரஸ்டுக்கு வந்தது. குருமனை என்பது காக்கத் தக்க கட்டடம் என்ற கருத்து அதற்குள் வேரூன்றிவிட்டது.

ஒரு குறையும் உடனே தெரிந்தது. வாங்கியபோது பராமரிப்புக்கென்று தனி நிதி இல்லை. வேய்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள வீட்டுக்கு ஒருமுறை செலவழித்து ஓய முடியாது. முகடு, சுண்ணாம்பு, தரை என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு ஆண்டும் கையை நீட்டும்.

இன்று செய்தால் எதை மாற்றுவோம்

முதலில், தொடுவதற்கு முன் பதிவு. ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, சட்டத்தின் நான்கு பக்க வரைபடமும் கூரையின் குறுக்குவெட்டும் வரைந்து, தச்சர் கீறிய இணைப்பு அடையாளங்களையும் படியெடுத்த பிறகே முட்டுக்கொடுக்க வேண்டும். 1896இல் ஆண்டு வளையங்களைக் கொண்டு காலம் கணிக்கும் முறை கிடையாது. இன்று அது இருக்கிறது. மரத்தின் வெளிப்புற வெளிர்ப்பகுதி எஞ்சியிருந்தால்தான் அது துல்லியமாகச் சொல்லும். அந்த வெளிர்ப்பகுதிதான் முதலில் உளுப்பதும். எனவே வெட்டி எறியும் உளுத்த துண்டைக்கூட எந்தத் தூண், எந்த உயரம் என்று சீட்டு ஒட்டி எடுத்துவைக்க வேண்டும்.

இரண்டாவது, பெயரின் பிடியிலிருந்து விலகி வீட்டைப் பார்ப்பது. "குருமனை" என்று முதலில் முடிவு செய்துவிட்டால், காணும் ஒவ்வொரு அறைக்கும் குருவின் வாழ்க்கையிலிருந்து விளக்கம் தேடத் தோன்றும். அமைப்பைத் தனியாகப் படித்துவிட்டு, நிலப் பதிவுகளையும் தசமபாகக் கணக்குகளையும் பிறகு சேர்த்துப் பார்ப்பதே முறை.

மூன்றாவது, கடைசியாகக் குடியிருந்தவர்களின் காலம். பழைய வேலைகளில் கூலித் தொழிலாளர் போட்ட தடுப்புகளும் அலமாரிகளும் குப்பையாகக் கருதப்பட்டு நீக்கப்பட்டன. அந்தக் குடும்பங்கள் வாடகை கொடுத்து, அடுப்பு எரித்து, உள்ளே இருந்ததால்தான் வீடு இடிபடாமல் நின்றது. அவர்கள் போட்ட ஒரு பலகைத் தடுப்பாவது அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். நீக்கத்தான் வேண்டும் என்றால் படமெடுத்து, அளந்து, எழுதிவைத்த பிறகு நீக்கலாம்.

நான்காவது, பணம். வாங்கும் விலையை மட்டும் திரட்டிக்கொண்டு இறங்குவது தவறு. பழுதுபார்ப்புச் செலவும், முகட்டை இரண்டு முறை வேய்வதற்கான தொகையும் கைக்கு வந்த பிறகே பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்த வீட்டில் ஒரு பகுதியிலாவது ஆள் குடியிருக்கட்டும். இலையுதிர்காலத்தில் இறவாரத்துக்குக் கீழே இலை சேர்ந்திருக்கிறதா, அடிச்சட்டத்தின் வடபக்க மூலையில் ஊசி எவ்வளவு இறங்குகிறது, தரையில் எங்கே பொடி கிளம்புகிறது என்று பார்த்து, தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது அவருடைய பொறுப்பு.